நாலாம் வீட்டில் ஆள்

குமுதாவின் நாட்குறிப்பு: செப்டம்பர் 8, 2025, திங்கள். இன்றைய தவறு: அப்பாவின் இறப்புச் செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது, நல்லுடல் மாலை நான்கு மணிக்கு வீட்டிலிருந்து புறப்படும் என்று போட்டுவிட்டேன். திங்கட்கிழமைகளில் மூன்றரைக்குக் கல்குவாரியில் பாறைக்கு வெடி வைப்பார்கள். வேறு யார் மறந்திருந்தாலும் பரவாயில்லை. நான் மறந்திருக்கக் கூடாது.

மூன்று மணிக்குக் கிஷன் வாசலில் வந்து நின்றபோது, குமுதா அப்பாவின் தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். கிஷன் கல்குவாரியின் சூப்பர்வைசர். மஞ்சள் ஹெல்மெட், கையில் வாக்கி டாக்கி.

"தங்கச்சி, ஒரு நிமிஷம் வெளிய வரீங்களா?"

எதற்கு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மலேசியாவின் பூச்சோங்கில் குவாரி மலையடியில் பழைய தொழிலாளர் வீடுகள் ஆறு; நாலாவது இவர்களுடையது. வெடிக்கு முன் ஆறு வீட்டாரும் சாலை முனைக்குப் போய்விட வேண்டும். ஒருவர் வீடு வீடாகப் பார்த்து, காலி என்பதற்கு 'கோசோங்' என்று வாக்கி டாக்கியில் சொன்ன பிறகுதான் மேலே பொத்தானை அமுக்குவார்கள். ஓய்வு பெறும்வரை அதைச் சொல்லி வந்தவர் அவள் அப்பா நாகையா. சமையலறைக் கதவைத் தள்ளிப் பார்க்காமல் அவர் சொன்னதே இல்லை.

"அரை மணி நேரம்தான் லா. எல்லாரும் ரோட்டுக்குப் போயிடுங்க. முடிஞ்சதும் வந்து சாங்கியத்த செய்யலாம்."

"அப்பா?"

கிஷன் வானத்தைப் பார்த்தான். "பாறைக் குழியில வெடிமருந்து போட்டாச்சு. மேல ஆளுங்களையும் எறக்கிட்டோம். மழை வருது பாருங்க. இடி எறங்கிச்சுன்னா தானா வெடிச்சிரும். ரொம்ப நேரம் விட முடியாது."

அவன் சொன்னது குமுதாவுக்கு நியாயமாகத்தான் பட்டது. நேரத்தைத் தப்பாகப் போட்டதும் அவள்தான். சரி என்று சொல்ல வாயெடுத்தாள்.

"யாருடி அது?" உள்ளேயிருந்து அம்மா நல்லம்மாள் கேட்டாள்.

"குவாரியிலேர்ந்துமா. எல்லாரும் வெளிய போகணுமாம்."

"உங்கப்பாவ விட்டுட்டா?"

பக்கத்து வீட்டு மாரியாயி எழுந்து வாசலுக்கே வந்துவிட்டாள். "ஏன் தம்பி, ஒருநா நான் தலைக்கு சோப்பு போட்டுக்கிட்டு நிக்கிறேன், சைரன் ஊதுது. 'மலை எங்கயும் ஓடிடாது, நீ நல்லா தேய்ச்சுக் குளி'ன்னு வெடிய நிறுத்தி வெச்சாரு நாகையாண்ணே. அவர தனியா போட்டுட்டு நாங்க ரோட்டுல நிக்கணுமா?"

இரண்டு பேர் சிரித்து, இது சாவு வீடு என்று நினைவு வந்து நிறுத்தினார்கள்.

"எனக்கும் கஷ்டமாதான் இருக்கு ஆன்டி. ஆனா ரூல்ஸ்ல ஆள் இருக்கக்கூடாதுன்னுதான். அங்கிள் இப்ப..."

"இப்ப என்ன?" என்றாள் நல்லம்மாள்.

கிஷன் ஹெல்மெட்டின் பட்டையை அவிழ்த்தான்.

குமுதா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "பூட்ஸ கழட்டிட்டு உள்ள வாங்கண்ணே. அப்பா பாத்துட்டுத்தான் சொல்வாரு. நீங்களும் பாத்துட்டு சொல்லுங்க. கோசோங்ன்னு அவரு பக்கத்துல நின்னு சொன்னா, நாங்க போறோம்."

அவன் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். நாகையாவின் நெற்றியில் திருநீறு, அதன் மேல் ஒற்றை வெள்ளிக் காசு. மேலே தகரக் கூரையில், எப்போதோ மலையிலிருந்து பறந்து வந்த கல் விழுந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது.

வாக்கி டாக்கி இரைந்தது. நாலாம் நம்பர் வீடு கோசோங்கா என்று மேலேயிருந்து மலாயில் கேட்டார்கள்.

கிஷன் பொத்தானை அமுக்கினான். "பெலும், போஸ். அடா ஓராங்."

இன்னும் இல்லை, ஆள் இருக்கிறது. நல்லம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

யார் என்று கேட்டது குரல்.

"நாகையா."

காத்திருக்கிறோம் என்றார்கள்.

"கொஞ்சம் சீக்கிரமா..." என்று தொடங்கினான் கிஷன்.

"ஒண்ணும் குறைய வேணாம்," என்றாள் நல்லம்மாள். "எல்லாம் வரிசையா நடக்கட்டும்."

எண்ணெய், சீயக்காய், வாய்க்கரிசி. குமுதா எதையும் விடவில்லை. மலைக்குப் பின்னால் வானம் உறுமியது. "உறுமட்டும்," என்று மாரியாயி அடுத்தவளிடம் அரிசித் தட்டை நீட்டினாள்.

வண்டி நான்கு மணிக்குப் புறப்பட்டது. சாலை முனையில் கிஷன் சிவப்புக் கொடியோடு நின்றிருந்தான். ஹெல்மெட் இன்னும் கக்கத்தில்தான் இருந்தது. ஆறு வீட்டாரும் கொடியைத் தாண்டிய பிறகு சைரன் ஊதியது. வெடித்தபோது வண்டியின் கண்ணாடிகள் அதிர்ந்தன. அம்மா பெட்டியின் மேல் வைத்திருந்த கையை எடுக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் எனக்கு இருந்த மாலை வகுப்புக்கு இன்று போகவில்லை.

நாளை: காலை எட்டு மணிக்குக் கிள்ளான் சிம்பாங் லீமா சுடுகாட்டில் அப்பாவின் சாம்பல் எடுக்க வேண்டும். விளக்குக்கு நல்லெண்ணெய் வாங்க வேண்டும். புதன்கிழமை அடுத்த வெடி. பதினாறு நாளும் விளக்கை விட்டு நகர மாட்டேன் என்கிறாள் அம்மா. குழியில் மருந்து போடும் முன்பே கிஷன் அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும், நாலாம் வீட்டில் ஆள் உண்டு என்று.