அவருக்காக ஒரு துண்டு

"கத்தி வேண்டாம், கையால ஒடி. சத்தம் கேக்கணும்" என்றார் லிஃப்ட்காரர், தலையணையில் சாய்ந்தபடி.

அவர் மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சாக்லேட் கட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஒடித்தாள். டக்கென்று ஒடிந்தது. அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்ற சாக்லேட் கடைக்காரப் பெண்ணைப் பார்த்து, பதம் சரி, தேறிவிட்டாய் என்பதுபோலக் கண்ணைச் சிமிட்டினார்.

நாற்பது வருடம் மாடிக் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுதுபார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. பக்கத்துத் தெருவில் அந்தப் பெண் கொக்கோ கொட்டையை வறுத்து, கல் உருளையில் மூன்று நாள் அரைத்துச் சாக்லேட் செய்கிறாள். ஒருநாள் வாசலோடு போனவர், உள்ளே ஓடிய இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டு, யாரும் அழைக்காமலே நுழைந்து, பேரிங் போய்விட்டதென்று சொன்னாராம். அன்றிலிருந்து அந்த இயந்திரத்துக்கு அவர்தான் வைத்தியர். ஒவ்வொரு முறை அரைத்து முடிந்ததும் முதல் துண்டு அவருக்கு.

வீட்டில் மூச்சுவிடவில்லை. அவருக்குச் சர்க்கரை. துவைக்கப் போட்ட சட்டைப் பையில் வெள்ளித்தாள் அகப்பட்ட அன்றுதான் குட்டு வெளிப்பட்டது. தபால் ஆபீஸில் முப்பது வருடம் முத்திரை குத்திய கையால் மனைவி மேஜையில் ஒரு குத்து விட்டாள். வேறு பொம்பளை விஷயமாக இருந்தால்கூட மன்னித்திருப்பேன் என்றாள். இதில் இனிப்பு கொஞ்சம்தான், கசப்புதான் நிறைய, நீயும் வாயில் போட்டுப் பார் என்று அவர் சமாதானம் பேசினார். கசப்பை யாராவது தேடிப் போய்த் தின்பார்களா என்று கேட்டவள், அதைத் தொடவே இல்லை.

இப்போது மருத்துவரே, இனிப் பத்தியம் வேண்டாம், கேட்டதைக் கொடுங்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவள் நகமளவு துண்டை அவர் வாயில் வைத்தாள். அவர் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, தப்புச் செய்தவர்போல, "ஒண்ணும் தெரியலையே" என்றார். மருந்துகள் நாக்கைச் சாகடித்திருந்தன.

கடைக்காரப் பெண், டீ போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

"நீ சாப்பிடு. சாப்பிட்டு எனக்குச் சொல்லு" என்றார் மனைவியிடம்.

அவள் ஒரு துண்டை வாயில் போட்டதும் கடித்தாள். கடிக்காதே, நாக்கில் வை என்றார்.

"கசக்குது."

"கசக்கட்டும். அப்புறம்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "புளிப்பு வருது. காஞ்ச திராட்சை மாதிரி. மழையில நனைஞ்ச மரப்பெட்டியத் தெறந்தா ஒரு வாசனை வருமே, அது." தான் இப்படிப் பேசுவது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. "நல்லாத்தாங்க இருக்கு. இத்தனை நாளா நீங்க மட்டும் தின்னிருக்கீங்க."

அவர் சிரித்தார். சத்தமில்லாமல் வயிறு மட்டும் குலுங்கியது. "எனக்கு இப்பத் தெரியுது. இன்னும் சொல்லு."

அடுத்த துண்டை அவள் கடிக்கவில்லை. அவர் விரல்கள் அவள் மணிக்கட்டின் மேல் கிடந்தன. ஓரத்தில் தேன் மாதிரி இனிப்பு, போகப்போக லேசான புகை வாசம் என்று, கண்ணைத் திறக்காமலே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். வறுவல் சற்றுக் கூடிவிட்டதோ என்று கேட்டாள். கண்ணைத் திறந்தபோது அவர் அவள் பக்கமே முகத்தைத் திருப்பி, கேட்டுக்கொண்டிருப்பவர்போல இருந்தார். மூச்சு இல்லை.

அவள் எழுந்திருக்கவில்லை. வாயில் பாதித் துண்டு மிச்சமிருந்தது. அது தானாகக் கரையும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

சாயங்காலத்துக்குள் மகன் வந்துவிட்டான். வீடு நிறைய ஆட்கள். அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று யாரோ சொல்ல, அவன் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தான். அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டான்.

"பேசிக்கிட்டிருந்தோம்" என்றாள்.

வாய் காய்ந்திருக்கும், குடித்துவிடு என்றான். தலையாட்டினாள். நாக்கில் அந்தப் புகை வாசம் இன்னும் மிச்சமிருந்தது. அவன் அந்தப் பக்கம் போனதும் டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தாள். யாரோ வாசல் கதவைச் சாத்தினார்கள். தண்ணீர் லேசாக நடுங்கி அடங்கியது.