ஈரிதே வீட்டுக் குழாயில் பாடிய நீவெஸ்

மொந்தெசால்வோ நகர அரங்கில் அந்த ஆண்டின் இசைப் பருவம் தொடங்கிய மாலை, ஓபராவின் நாயகி வாயைத் திறந்தாள், ஒலி வரவில்லை. அவள் பாட்டு மட்டுமன்று, கீழே அமர்ந்திருந்த வாத்தியக்காரர் எவரது இசையும் வரவில்லை. வில்கள் தந்திகளின்மேல் ஏறி இறங்கின, முரசுக்காரர் வியர்க்க வியர்க்க அடித்தார், எக்காளம் ஊதியவர்களின் கன்னங்கள் உப்பின; அரங்கமோ மூடி போட்ட கிணறு போலிருந்தது. மருத்துவர் ஒருவர் தம் செவி கெட்டுவிட்டதென்று எண்ணி அதை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். எதிர் வரிசையில் ஓர் அம்மையார் வீறிட்டார். அந்த வீறிடல் அனைவருக்கும் கேட்டது. ஆகவே எவரும் செவிடாகவில்லை என்பது உறுதியாயிற்று. நாற்காலி கிறீச்சிட்டது கேட்டது, இருமல் கேட்டது, இசைக்குழுவை நடத்தியவரின் சட்டைப் பொத்தான் பலகையில் இடித்தது கூடக் கேட்டது. நிறுத்தவும் அஞ்சிப் பாடகர்கள் மூன்று அங்கங்களையும் பாடி முடித்தனர். வேறென்ன செய்வதென்று தெரியாமல் அவையினர் கைதட்டினர்.

முதலில் கைதட்டியவர் ஒத்தாவியா பர்த்தொச்சினி. அவ்வரங்கைச் சுற்றி மூன்று அடுக்காக அமைந்த மாடங்கள் எனும் தனி இருக்கையறைகள் ஊரின் பழைய குடும்பங்களுக்கு உரியவை. ஒவ்வொரு மாடத்துக்கும் ஒரு பித்தளைச் சாவி உண்டு, வீட்டையும் நிலத்தையும் போல அதுவும் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வரும். ஒத்தாவியா மாடக்காரர் சங்கத்தின் தலைவி. தம் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்தார். மேடையில் ஒலியின்றி வாயசைத்த நாயகி நீவெஸ் அவருடைய ஒரே மகள்.

மாடங்களுக்கு மேலே, கூரையை ஒட்டி, ஊரார் புறாக்கூண்டு என்றழைத்த பரண் ஒன்றிருந்தது. அதற்குச் சாவி இல்லை, எண்ணிட்ட இருக்கை இல்லை. பக்கத்துச் சந்திலுள்ள சிறு கதவின் வழியாக மீன்காரர், நாவிதர், சலவைக்காரர் ஏறிச் சென்று பலகையில் நெருக்கியடித்து அமர்வர். பிடித்தால் திரும்பப் பாடச் சொல்லிக் கூச்சலிடுவர், பிடிக்காவிட்டால் சீட்டியடிப்பர். நீவெஸ் முதன்முதல் மேடையேறிய அன்று சீட்டியடித்தனர். அந்த ஆண்டே பரணின் உத்திரம் உளுத்துவிட்டதாகச் சங்கம் அறிவித்தது. சந்துக் கதவைச் செங்கல் வைத்து அடைத்தது. பின்னர் மண்டல அரசு, மக்கள் அனைவரும் வந்து கேட்பதற்காக என்று சொல்லி, அரங்கைப் புதுப்பிக்கப் பொதுப்பணம் கொடுத்தது. அப்பணத்தில் மாடங்களுக்குப் பொன்முலாம் பூசினர், படிகளுக்குச் சிவப்புக் கம்பளம் விரித்தனர். செங்கல்லை எவரும் தொடவில்லை.

கூட்டம் வெளியே வந்தபோதுதான் அடுத்த அதிர்ச்சி காத்திருந்தது. சந்தெங்கும் சன்னல்கள் திறந்திருந்தன, சமையலறைகளிலிருந்து மக்கள் "இன்னொரு தடவ! இன்னொரு தடவ!" என்று கத்திக்கொண்டிருந்தனர். பரணில் ஒருமுறையேனும் அமர்ந்தவர் வீடுகளில் எல்லாம் அன்று ஓபரா வந்திருந்தது. மீன்காரி ஈரிதேயின் வீட்டில் நாயகியின் குரல் கருவாடு ஊறும் தொட்டிக் குழாயிலிருந்தும், பிடில்கள் கரண்டி வைக்கும் இழுப்பறையிலிருந்தும், முரசு மாவுப் பீப்பாயிலிருந்தும் வந்தன. இழுப்பறையை முழுவதும் இழுத்தால் பிடில் ஓங்கியது. பாதி மூடினால் பதமாக இருந்தது.

பொலோஞாவிலிருந்து ஒலி அளக்கும் கருவிகளோடு வந்த வல்லுநர்கள் சுவர்களைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பினர். பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். கடைசியில் நகரத் தலைவர் செங்கல்லை இடித்துக் கதவைத் திறந்துவிட்டார். உத்திரம் இரும்பு போலிருந்தது. ஆயினும் சந்துக்காரர் எவரும் ஏறவில்லை. "தொட்டிக்குள்ளயே பாடுறா, இந்த முட்டிய வச்சுக்கிட்டு அத்தன படி ஏறச் சொல்றீங்களா?" என்று ஈரிதே கேட்டாள்.

அந்த வாரம் ஒவ்வொரு நிகழ்ச்சியும் முடிந்தபின் நீவெஸ் ஒப்பனையைக் கலைக்குமுன் ஒரே கேள்வியைக் கேட்டாள். தன் குரல் தனக்கும் கேட்காததால் அவள் முகம் நாளுக்கு நாள் வெளிறிற்று.

"மம்மா, எப்படிப் பாடினேன்?"

"தேவதை மாதிரி."

"நீ கேட்டியா?"

ஒத்தாவியா கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்தார்.

"அன்னிக்குச் சீட்டியடிச்சாங்க. சரியோ தப்போ, அதுக்கப்புறம் எவனும் எங்கிட்ட உண்மை பேசல. ஞாயித்துக்கிழமையோட பருவம் முடியுது. நான் பாடுறேனா இல்ல வெறும் வாயத் திறக்குறேனான்னு சொல்ல ஒரு ஆள் இல்லேன்னா, அங்கோனாவுல பள்ளிக்கூட வேலை இருக்கு, போயிடுறேன்."

நாற்பதாண்டுகளாகச் சந்தில் கால் வைக்காத ஒத்தாவியா மறுநாள் ஈரிதேயின் கதவைத் தட்டினார். ஈரிதேயின் கொழுந்தன் தெல்மோ, நாவிதன், அங்கே ரொட்டியை ரசத்தில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

"என் பொண்ணு எப்படிப் பாடுறா?" என்றார் ஒத்தாவியா, நின்றபடியே.

"ஆட்டுக்குட்டி வாலு கதவுல மாட்டின மாதிரி," என்றான் தெல்மோ.

"வாய மூடுடா," என்றாள் ஈரிதே. "உன் காதுல முடி மண்டிக் கெடக்கு. சிஞோரா, தேனுங்க, சுத்தத் தேனு. இந்தக் கருவாடே இனிக்குது."

"அன்னிக்குச் சீட்டியடிச்சது நாந்தான் சிஞோரா. உச்சியில சுருதி இறங்கினா, அடிச்சேன். இன்னும் இறங்குறா."

"உனக்குத்தான் எல்லாம் இறங்கிப் போச்சு! மனுசனா நீ?"

அடுத்த வீட்டில் வேறு தீர்ப்பு, அதற்கடுத்த வீட்டில் கைகலப்பு. பரணில் எந்நாளும் நடந்ததுதான் அது. ஆனால் மாடத்திலிருந்து ஒத்தாவியா அதைக் கூச்சல் என்று மட்டுமே அறிந்திருந்தார். தாமே கேட்டாலன்றி வழியில்லை என்பது அவருக்கு விளங்கிற்று.

ஞாயிறன்று அவருடைய மாடம் காலியாகக் கிடந்தது. அவர் ஈரிதேயின் சமையலறையில் முக்காலியில் அமர்ந்திருந்தார். நேரம் வந்ததும் அறையிலிருந்தவர்களின் முகங்கள் மாறின; ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். ஒத்தாவியாவுக்குக் குழாய் சொட்டுவது மட்டுமே கேட்டது. அவர் எழுந்து தொட்டியின்மேல் குனிந்து குழாயில் காதை வைத்தார். சங்கிலியில் தொங்கிய சாவி தொட்டி விளிம்பில் மோதிக் கிணுகிணுத்தது.

"உஸ்! அதக் கழட்டி இப்படிக் கொடுங்க," என்று ஈரிதே கையை நீட்டினாள்.

சாவி கைமாறிய கணத்தில் நீவெஸின் குரல் ஒத்தாவியாவை அறைந்தது. அவர் பின்வாங்கி முக்காலியைத் தள்ளிவிட்டார். அதே கணத்தில் ஈரிதே அலறினாள்: "ஐயோ, போச்சு! எங்க போனா? தெல்மோ, இந்தா பிடி!" தெல்மோ பிடித்தான்; அவன் வாய் பிளந்தது; நெருப்பைத் தொட்டவன் போல அதைப் பக்கத்துக்காரியின் மடியில் எறிந்தான். அவள் சபித்துக்கொண்டே சன்னலுக்கு வெளியே வீசினாள். சந்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சாவி விழுந்த இடத்திலிருந்து சிதறி ஓடினர்.

ஒத்தாவியா கேட்டார். நடுக்குரல் நிறைந்த குடம் போல வந்தது. மூன்றாம் அங்கத்துப் பிரார்த்தனையில் அது மெல்ல ஏறி உச்சியைத் தொட்டபோது அவருடைய கன்னம் நனைந்திருந்தது. ஆயினும் வாய் தானாகத் திறந்தது.

"இறங்கிட்டா," என்றார்.

"எங்க இறங்கினா?" என்று தெல்மோ சீறினான். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். "இன்னிக்குச் சரியாத்தான் நின்னா! பெத்தவளா நீங்க? கொஞ்சமாவது இரக்கம் வேணாம்?"

திரை விழுந்தபின், நாயகியின் வெள்ளை அங்கியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நீவெஸ் சந்துக்குள் வந்தாள். அன்னையை அந்தச் சமையலறையில் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நடுக்குரல் சுத்தம்," என்றார் ஒத்தாவியா. "பிரார்த்தனையில உச்சி ரெண்டு தடவ இறங்கிச்சு. கடைசிப் பாட்டுல மூச்ச அவசரப்பட்டு எடுத்துட்ட. நான் அழுதேன்."

நீவெஸ் வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். அங்கியின் ஓரம் கருவாட்டுத் தண்ணீரில் நனைந்தது.

"ரெண்டு தடவையா? எனக்கு ஒரு தடவைன்னுதான் தோணிச்சு," என்றாள்.

அவள் அங்கோனாவுக்குப் போகவில்லை. அதன்பின் பதினான்கு பருவங்கள் மொந்தெசால்வோவில் பாடினாள். சில ஆண்டுகளில் தெல்மோ சீட்டியடித்தான், சில ஆண்டுகளில் ஒத்தாவியா. மாடக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாவியைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியோடு சந்துக்கு வந்தனர். நிகழ்ச்சி நாள்களில் சமையலறைக் கதவைத் தாழிடலாகாது என்று நகரமன்றம் விதி செய்தது. பொன்முலாம் பூசிய காலி மாடங்களின் எதிரில் பாடகர்கள் இன்றும் ஒலியின்றிப் பாடுகின்றனர். மண்டல அரசு கலைக்கென்று ஆண்டுதோறும் அனுப்பும் தொகை குழாய்களுக்குப் புதிய வளையம் போடவும், இழுப்பறைகளுக்கு மெழுகு தடவவும் செலவாகிறது. சென்ற குளிர்காலத்தில் குழாய்கள் உறைந்தபோது இரண்டாம் அங்கம் மட்டும் ஒரு நாள் தாமதமாக வந்தது.