உதடு தெரியும் அளவுக்கு

மாமனார் வீட்டுப் பழைய வீடியோ கேசட்டுகளில் படம் இருந்தது, சத்தம் இல்லை. கேமராவின் மைக் வாங்கிய வருஷமே மண்டையைப் போட்டுவிட்டதாம். மருமகள் அவற்றைக் கடையில் கொடுத்து கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றி வாங்கி, வெட்டி ஒட்டி அரைமணி நேரப் படமாக்கி, குடும்ப குரூப்பில் அனுப்பினாள். எல்லாரும் இதயம் போட்டார்கள். நாத்தனார் மட்டும் நேரில் வந்து நின்றாள்.

சின்ன வயதுக் காய்ச்சலில் காது போனவள் அவள். எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை.

"நான் சைக்கிள் பழகுற இடத்துல அப்பா பின்னாடியே ஓடி வந்து ஏதோ கத்துறார். என்னன்னே தெரியல. வாய் இருக்க வேண்டிய இடத்துல களிமண் அப்பின மாதிரி இருக்கு. இப்படி ஒரு கண்ணாடி குடுத்தேன்னா கடைய உடைச்சிடுவாங்க."

"மாமாகிட்டயே கேட்டுடலாமே, அண்ணி?"

"கேட்டேன். யாருக்கு ஞாபகம் இருக்குங்கிறார்."

மருமகளுக்குச் சுருக்கென்றது. கடை கொடுத்த ஒரிஜினல் ஃபைலைத் திறந்து அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தாள். உதடு சின்னதாக, ஆனால் பளிச்சென்று இருந்தது. அப்படியானால் கெடுத்தது அவள் கைதான். சேமிக்கும்போது 'சிறிய அளவு' என்பதை அமுக்கியிருந்தாள். மிச்சம் இருந்ததை குரூப் இன்னொரு முறை பிழிந்துவிட்டது.

இருப்பதிலேயே பெரிய அளவைப் போட்டுப் பார்த்தாள். முகம் ஊதின பலூன் மாதிரி பரவியது. ஒரிஜினல் அளவிலேயே விட்டாள். ஆள் அசையும் இடமெல்லாம் சீப்புப் பல்லாகக் கோடு விழுந்தது. பழைய டேப்பின் குணம் அது என்று தேடிப் படித்து, கோட்டை நீக்கும் வசதியைக் கண்டுபிடித்தாள். நொடிக்கு எத்தனை படம் என்பதை டேப்பில் உள்ளபடியே வைத்து, படத்தின் தெளிவைத் தாங்கும் பிட்ரேட்டைத் தாராளமாக ஏற்றி, நேராக ஒரிஜினலிலிருந்து ஒரே தடவை எடுத்தாள்.

"என்ன இது, யானை சைஸ்ல இருக்கு?" என்றான் கணவன்.

"இருக்கட்டும். பென் டிரைவ்ல போகுது, யாரும் தோள்ல சுமக்கப் போறதில்ல."

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டு டிவியில் போட்டாள். சைக்கிளில் ஒரு சிறுமி. பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமனார். நாத்தனார் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள்.

"விட்டுட்டேன்... விட்டுட்டேன்... நீயேதான் ஓட்டுற! போ, போய்க்கிட்டே இரு!" உரக்கப் படித்தாள். அப்பா பக்கம் திரும்பினாள். "எனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சுமா இந்தக் கத்து கத்தினீங்க?"

"சந்தோஷத்துல கத்தினேன்மா. அதெல்லாமா யோசிச்சேன்?" என்றவர் சட்டைத் தோளில் கண்ணைத் துடைத்தார்.

"திரும்பப் போடு!" என்றாள் நாத்தனார். திரும்பத் திரும்பப் போட்டார்கள். அப்புறம் அவளை யாரும் உட்கார விடவில்லை. இங்கே என்ன பேசினோம், அங்கே என்ன பேசினோம் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சமையலறை வாசலில் நின்று கேமராவைப் பார்த்து மாமியார் ஏதோ முணுமுணுக்கும் காட்சி வந்தது.

"இந்த மனுஷனுக்கு வேற வேலையே இல்லங்கிறாங்க அம்மா."

"நான் அப்படிச் சொல்லவே இல்ல!"

"ரெண்டு தடவ சொல்லியிருக்கீங்கம்மா!"

வீடே அதிர்ந்தது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவர் மாமனார். நாத்தனார் மருமகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அடுத்த கேசட் எங்க?" என்றாள்.