அடைக்கலசாமியின் காலும் ஒரு கோழிமுட்டையும்

"ஏட்டி செல்வி, ஒரு கோழிமுட்டை கொண்டா. எங்கால்ல இந்தக் குழியில நிறுத்துதேன். ஃபெர்ரி சாத்தம் போய்ட்டுத் திரும்பி வர்ற வரைக்கும் விழாது பாரு!"

பேண்ட்டைச் சுருட்டிவிட்டு, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை ஊன்றி அமுக்கிக்கொண்டே அடைக்கலசாமி சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கினார்.

அடுப்படியில் இருந்த சகாயசெல்வி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாத்தம் ஜெட்டிக்கு எதிர்க்கரைத் தீவு ஊரான பாம்பூஃப்ளாட்டில் அவள் புருஷன் பேச்சை நம்பும் ஜீவன்கள் இரண்டே: ஒன்று அவர் வளர்த்த ஆடு, இன்னொன்று அவரே. கட்சால் தீவுக் கடலில் தூண்டிலில் மாட்டிய சுறா, படகோடு தன்னை பர்மாவுக்கு இழுத்துப்போய், அங்கே இவர் டீ குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட்டதாகச் சத்தியம் செய்கிற மனிதர்.

ஆனால் இன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு நாளாக மனிதர் படுக்கவில்லை. படுத்தால் நெஞ்சில் யாரோ ஏறி உட்காருகிறார்களாம். சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்தார். இரண்டு கால்களும் வீங்கி, வீட்டில் இன்னொரு ஆள் குடிவந்ததுபோல இடத்தை அடைத்துக் கிடந்தன.

"ஒம்பது மணி ஃபெர்ரியில பெரியாஸ்பத்திரிக்குப் போயிருவோம்," என்றார் அவர்.

"கம்பவுண்டர் வரட்டும்," என்றாள்.

அடுத்த வீட்டுக் கம்பவுண்டர் பன்னீர்செல்வம்தான் இரண்டு மாதம் முன்பு இது யானைக்கால் என்று கண்டுபிடித்தவன். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த மாத்திரையும் அவன் கொடுத்ததுதான். சகாயசெல்விக்கும் அதில் சந்தேகம் இல்லை. அவள் பிறந்த கடற்கரையில் யானைக்கால் பார்க்காத கண் ஏது? அதோடு முப்பது வருஷம் கருவாடு விற்றவர்கள் உண்டு. அவளுக்குப் பயம் வேறு. மகள் கிளாராவுக்கு டெய்ரி ஃபார்ம் என்ற ஊரில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஃபெர்ரியில் நாலு பேர் இந்தக் காலைப் பார்த்தால் போச்சு. அதனால்தான் அவரை வீட்டிலும் பேண்ட்டோடு உட்கார வைத்திருந்தாள்.

பன்னீர்செல்வம் வந்தான். "என்ன அண்ணாச்சி, சுறா சவாரி எப்ப?"

"குழி விழுதுடா."

"யானைக்கால்ல குழி விழாதுண்ணே. கல்லு மாதிரி இருக்கும். குழி விழுந்து அப்படியே நின்னா அது நெஞ்சுக் கோளாறு. உங்க நெஞ்சு இரும்புல்ல!"

"அரே பாய், பந்தயம். முட்டை நின்னா ஃபெர்ரி. விழுந்தா உன் மாத்திரை. டீக் ஹை?"

"டீக் ஹை."

சகாயசெல்வி முட்டையை நீட்டினாள். விழவேண்டும் மாதாவே, விழவேண்டும் என்று உள்ளுக்குள் மன்றாடினாள். அதற்குள் கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது. ஓடினாள். பானையை இறக்கும்போது பின்னால் 'டப்' என்ற சத்தம்.

திரும்பிவந்தால், தரையெல்லாம் மஞ்சள்கரு. பன்னீர்செல்வம் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தான். "பாத்தீங்களாக்கா, கண்ணை மூடித் தொறக்கதுக்குள்ள உருண்டுட்டு."

அடைக்கலசாமி அவனை நோக்கி விரலை நீட்டினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தைக்கு மூச்சு போதவில்லை, இருமல்தான் வந்தது. தோற்ற வீறாப்பு என்று நினைத்துக்கொண்டாள். தொண்டையில் ஆற்றிய கஞ்சி இறங்குவதுபோல அவளுக்குள் ஒரு நிம்மதி இறங்கியது. தொட்டுக்கொள்ள உப்புக்கருவாடு வைத்தாள். ஒன்பது மணி ஃபெர்ரி ஊதிவிட்டுப் போனது.

பதினொன்றரைக்கு அவர் உதடு நீலமாகிவிட்டது.

நாலு பேர் நாற்காலியோடு தூக்கி ஜெட்டிக்கு ஓடினார்கள். பன்னீர்செல்வமும் நாற்காலியின் ஒரு காலைப் பிடித்திருந்தான். ஃபெர்ரியில் ஜனம் விலகி வழிவிட்டது. அப்போதும் சகாயசெல்வி, ஏறிப்போன பேண்ட்டைக் கணுக்கால்வரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். நடுக்கடலில் அவர் அவளுடைய மணிக்கட்டை வளையல் நெளியும்படி பிடித்தார். சாத்தம் வந்தபோது அந்தப் பிடி இல்லை.

ஆஸ்பத்திரியில் வங்காளி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு அதை மடித்துப் பைக்குள் போட்டார். பேண்ட்டை விலக்கி, கட்டைவிரலால் காலை அமுக்கி எடுத்தார். பிசைந்த மாவில் பதிந்ததுபோலக் குழி அப்படியே நின்றது.

"கித்னே தின் ஸே?" எத்தனை நாளாக என்று கேட்டார். ஹார்ட் என்றார், நீர் இறக்க ஊசி இருக்கிறது என்றார், காலையிலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சகாயசெல்வி திரும்பினாள். "யானைக்கால்னா குழி விழாதுன்னியே, தம்பி."

பன்னீர்செல்வம் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றான். அது நிரம்பவில்லை.

"நின்னுச்சுக்கா," என்றான். "நீங்க கஞ்சிப் பானையை எறக்குற வரைக்கும் ஆடாம நின்னுச்சு. நான்தான் விரலால தட்டிவிட்டேன்."