மூன்றாவது கேள்வியின் மொழிபெயர்ப்பு

“யாராவதுன்னா வெளியாளுன்னு நெனச்சேங்க. அப்பா எப்படி யாராவது ஆவாரு?” என்றார் லாரி ஓட்டுநர். அப்போது அவருடைய இடது காதிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. சிறுவனாக இருந்தபோது வாங்கிய அறை அது. கேள்வி சரியாகக் கேட்கப்பட்டதும், நரைத்த தலையில் மறுபடியும் விழுந்தது. கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் இருந்த மொழிபெயர்ப்பாளரான பெண், ‘கேள்வி புரிகிறது’ என்று குறித்துக்கொண்டாள்.

சிறுவயதுக் காயங்களைப் பற்றிய அந்த வினாத்தாள் கடல் கடந்து மனநல மருத்துவமனைக்கு வந்தது. அதை ஊர்ப் பேச்சுக்குக் கொண்டுவருவது அவள் வேலை. மூன்றாவது கேள்வியை முதலில் அவள் அப்படியே பெயர்த்தாள்: ‘யாராவது உங்களை உடல்ரீதியாகத் துன்புறுத்தினார்களா?’ வந்தவர்கள் எல்லாரும் இல்லவே இல்லை என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு அதை, ‘வீட்டில் உங்களை அடிக்க அப்பா எதை எடுப்பார், அம்மா எதை எடுப்பார்?’ என்று மாற்றினாள். அன்றிலிருந்து அறையில் அடி விழத் தொடங்கியது. தையல்காரியின் தொடையில் கரண்டிச் சூடு கொப்பளித்தது. பள்ளி ஆசிரியரின் முன்பல் மேசைமேல் தெறித்தது. “என் நல்லதுக்குத்தானே” என்றபடி அவர் அதைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அடிப்பவர் யாரும் கண்ணில் படவில்லை. ரத்தம் வராவிட்டால் மொழிபெயர்ப்பு சரியில்லை என்று டாக்டர் முடிவுகட்டினார். மருத்துவமனை பஞ்சை மூட்டையாக வாங்கியது. “கேள்வி கேக்குறீங்களா, கறிக்கடை நடத்துறீங்களா?” என்று முணுமுணுத்துக்கொண்டே ஆயா தரையைத் துடைத்தாள்.

இந்த வேலையை அவள் ஒப்புக்கொண்டதே தம்பிக்காகத்தான். அவனுடைய வலது கை கோணல். கேட்டால் மாடிப்படியில் விழுந்தேன் என்பான். அவர்கள் வளர்ந்த வீட்டுக்கு மாடியே கிடையாது. அப்பா செத்து வருடங்கள் ஓடியும், கல்யாணம் முறிந்தும், தூக்கமாத்திரையை அள்ளி விழுங்கிப் பிழைத்தும் அவன் அதை மாற்றிச் சொல்லவில்லை. ஒருமுறையாவது உண்மையைச் சொல்லிவிட்டால் பிழைத்துக்கொள்வான் என்று அவள் நம்பினாள். கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தாள்.

சொந்தக்காரர்கள் தடுப்பைத் தாண்டக் கூடாது என்பது விதி. அவள் வெளியிலேயே நின்றாள். டாக்டர் கேள்வியைப் படித்தார். தம்பி சிரித்தான். “மாடிப்படி...” என்று ஆரம்பித்ததுமே காற்றிலிருந்து பெல்ட் இறங்கி அவன் உதட்டைக் கிழித்தது. அடுத்தது முதுகில். சட்டை நீளவாக்கில் பிளந்து உள்ளே தோல் பிளந்தது. நாற்காலி கவிழ்ந்தது. முழங்கை மெதுவாகப் பின்பக்கம் திரும்பி, உடைந்தது. டாக்டர் நேரத்தைக் குறித்துக்கொண்டு பஞ்சுக்கு ஆள் அனுப்பினார்.

“பெல்ட்டு,” என்றான் தம்பி. “அப்பாவோட பெல்ட்டு.”

சொன்ன பிறகும் அடி நிற்கவில்லை. அவன் தரையில் தவழ்ந்து வந்து, உடையாத கையைக் கண்ணாடியில் வைத்தான்.

“அக்கா, அன்னைக்கும் நீ வெளியதான் நின்னே. இப்பவாவது உள்ள வாயேன்.”