உள்ளே அம்பு இல்லாத வட்டம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். லோஹேகாவ் ஓடுபாதையின் நடுவில் நின்று சூடம் அணைத்துச் சொல்லவும் தயார். விமானப்படைக்காரர்கள்தான் உள்ளே விட மறுக்கிறார்கள்.

இன்பநாதன் ஹோட்டலின் கல்லா மேசைக்குப் பக்கத்தில் மடிக்கணினியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்த ஃபியோனா, காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கால் ஆடியதில் மேசை ஆடி, மேசை ஆடியதில் சாம்பார் வாளி ஆடி, எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிலநடுக்கம் என்று இலையோடு எழுந்து ஓடினார். வட்காவ் ஷேரி தாண்டித்தான் நின்றார் என்று பிறகு தகவல் வந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது. விமான் நகரில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் அவளுடைய தகுதிகாண் காலம் அன்று மாலையோடு முடிகிறது. இந்த ஹோட்டலின் டெலிவரியைக் கணினிக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு முன்னால் எந்தத் தகவல் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று படம் வரைய வேண்டும். ஆட்களுக்குப் பெட்டி, வேலைகளுக்கு வட்டம், நடுவில் அம்புகள். மேலதிகாரி ஸ்வாமிநாதன் அதில் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் கிர்க்கியில் ஒரு நர்சரிப் பள்ளி. அம்மா மேவிஸ் அங்கே சொல்லிவைத்து, உடுத்திப் போக வேண்டிய புடவைக்கு ப்ளவுஸும் தைத்து முடித்துவிட்டாள்.

படம் முக்கால்வாசி சரியாகத்தான் வந்திருந்தது. ‘பார்சல் கட்டுதல்’ என்ற வட்டம்தான் உதைத்தது. அதிலிருந்து வெளியே ஓர் அம்பு போனது. உள்ளே ஒன்றும் வரவில்லை. உள்ளே அம்பு வராத வட்டம் செல்லாது என்பது அந்தத் தொழிலின் முதல் விதி.

“அங்கிள், ஆர்டர் வந்த பின்னாடிதான பார்சல் கட்டணும்?”

“ஆர்டர் வந்து, பொறவு கட்டி, பொறவு பொறப்பட்டா, ஹடப்சர் போய்ச் சேருததுக்குள்ள கொழம்பு ஊசிப் போவும்லா,” என்றார் இன்பநாதன். “அதான் முன்னாடியே அனுப்பிருதோம்.”

“யாருக்கு?”

“ஆர்டர் பண்ணப் போறவங்களுக்கு.”

“அது யாருன்னு எப்படித் தெரியும்?”

“அத இஸ்மாயில்ட்ட கேளு. எனக்கு அடுப்புச் சோலி கெடக்கு.”

இஸ்மாயில் டெலிவரிக்காரர். நிற்பது என்பது அவருக்குப் பழக்கமில்லை. சிவப்பு விளக்கு விழுந்தால், அது மாறும்வரை பக்கத்திலிருக்கும் போக்குவரத்துப் போலீஸ்காரரையே சுற்றிவந்துகொண்டிருப்பார். தூக்கத்தில் ஹார்ன் அடிக்கிறார் என்று அவர் மனைவி நஸ்ரின் தலையணையோடு அடுத்த அறைக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. ஃபியோனா மடிக்கணினியைக் கட்டிக்கொண்டு அவருடைய பின்சீட்டில் ஏறினாள்.

ஹடப்சர் நெரிசலைப் பற்றி நான் மிகைப்படுத்தப் போவதில்லை. அங்கே ஆட்டோவில் பெண் பார்க்கப் புறப்பட்ட ஒருவன் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண்ணின் மகளுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பினான். அவ்வளவுதான்.

அடுக்குமாடி ஒன்றின் கேட்டருகே இஸ்மாயில் வண்டியை அணைக்காமல், பூண்டுக் குழம்பு டப்பாவின் மூடியை ஒரு விரற்கடை திறந்தார். வாசனை மேலே ஏறியது. ஜன்னல்கள் வரிசையாகத் திறந்தன. தலையில் ஷாம்பூ நுரையும் இடுப்பில் துண்டுமாக ஓர் ஆள் இறங்கி ஓடிவந்து பார்சலை வாங்கினான்.

“நீங்க ஆர்டர் பண்ணீங்களா?” என்று ஃபியோனா கேட்டாள்.

“இல்லியே. இப்பதான் பண்ணப் போறேன்.”

நுரைக் கையாலேயே போனை அமுக்கினான். இஸ்மாயில் சட்டைப்பையில் மணி அடித்தது. ஆர்டர்.

ஃபியோனா வண்டிச் சீட்டின்மேலேயே மடிக்கணினியை வைத்து வரைந்தாள். டெலிவரியிலிருந்து பசிக்கு ஓர் அம்பு, பசியிலிருந்து ஆர்டருக்கு, ஆர்டரிலிருந்து பார்சல் கட்டுவதற்கு. எல்லா வட்டத்துக்கும் உள்ளே அம்பு வந்துவிட்டது. காலையிலிருந்து ஆடிய கால் நின்றது.

மாலையில் ஸ்வாமிநாதன் அந்தப் படத்தைக் காகிதத்தில் எடுத்து மேசையில் பரப்பினார். பேனா அவர் விரல்களுக்கிடையில் சுழன்றுகொண்டே இருந்தது.

“சாப்பாடு போய்ச் சேர்ந்தப்புறம் ஆர்டரா? என்னம்மா இது?”

“சார், கண்ணால பாத்தேன். பக்கா.”

“சரி, மொதல் பார்சல்? அது எதை வச்சுக் கிளம்பித்து?”

ஃபியோனா அம்புகளை விரலால் பின்னோக்கித் தொடர்ந்து போய், புறப்பட்ட வட்டத்துக்கே வந்து சேர்ந்தாள். கால் மறுபடி ஆடியது. புடவைக்குத் தைத்த ப்ளவுஸ் நினைவுக்கு வந்தது. அப்போது ஹெல்மெட்டைக் கழற்றாமலே இஸ்மாயில் உள்ளே வந்து ஒரு டப்பாவை நீட்டினார்.

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான் சார்.”

“நான் ஆர்டர் பண்ணலையே.”

“அவசரமில்ல சார். நிதானமா பண்ணுங்க,” என்றார் இஸ்மாயில், மேசையைச் சுற்றி நடந்துகொண்டே.

ஸ்வாமிநாதன் டப்பாவைப் படத்தின்மேலேயே வைத்துத் திறந்தார். விளிம்பில் வழிந்த குழம்பு, காகிதத்தில் மெல்ல ஒரு கோடாக நகர்ந்து, ‘பார்சல் கட்டுதல்’ வட்டத்துக்குள் நுனி கூர்ந்து நுழைந்தது. ஃபியோனா அதையே பார்த்தாள். அவர் ஒரு கையை நக்கிக்கொண்டே மறு கையால் பேனாவைத் தேடினார்.

இதுவும் சத்தியம்: இன்பநாதன் ஹோட்டலிலிருந்து இன்றுவரை ஒரு பார்சல்கூட வெளியே போனதில்லை. படத்தில் கையெழுத்து விழுந்த பிறகுதான் டெலிவரி ஆரம்பம் என்று வாசலில் பலகை தொங்குகிறது.