கோகட்டை

"இன்னாண்ணா, மாட்டுக்குக் கல்யாணமா? பந்தக்கால் நட்டு வெச்சிருக்கே?"

வனஜா இப்படிக் கேட்டபோது யூஜின் வேலியின் கடைசிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். குறடைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வேலிக்கு வெளியே, புங்கமர நிழலில், இடுப்பளவு உயரத்தில் எட்டுக் கருங்கல் தூண்கள் வரிசை பிசகாமல் நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் இரும்பு வளையம். வேலியைவிட அந்தக் கற்களை நட்டதில்தான் அவருக்குப் பெருமை. வனஜாவின் மூன்று மாடுகளோ அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே வேலிக்குப் போய், கம்பி வலையில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றன. அந்தப் பக்கம் ஏரித் தண்ணீர் வெயிலில் மினுங்கியது.

"மாடு கட்டத்தாம்மா. ஆபீஸ்ல போடச் சொன்னாங்க."

"கட்டறதுக்கு எங்க வூட்ல எடமில்லையா? தண்ணி எங்கண்ணா?"

யூஜின் ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். வனஜா மாடுகளை இழுத்துப் பார்த்தாள். பெரிய மாடு மட்டும் அசையாமல் வெகுநேரம் நின்றது.

யூஜினுக்குக் கன்னடம் வராது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கன்னடமும் வரும், ஆனால் பழைய பங்காருப்பேட்டை ரயில்போல நின்று நின்று வரும். தங்கவயலில் பிறந்தவர். அங்கே பால்காரரிலிருந்து பாதிரியார்வரை அவருக்குத் தமிழ்தான். லிங்கராஜபுரத்துக்குக் குடிவந்து முப்பது வருஷமாகியும் தெருவில் தமிழே போதுமானதாக இருந்தது. வேலை இடத்தில் சரிக்கு 'ஆய்த்து', வேண்டாமுக்கு 'பேடா', நாளைக்கு வருகிறேனுக்கு 'நாளெ பர்த்தீனி' என்ற மூன்றை வைத்துக்கொண்டு பெங்களூரைச் சுற்றிலும் எத்தனையோ தோட்டங்களுக்கு வேலி போட்டுக் காலத்தை ஓட்டிவிட்டார்.

ஹெண்ணூருக்கு அப்பால் இருக்கும் இந்த ஏரிக்கு வேலி போட முன்வந்தது எதிரே இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு. ராத்திரியோடு ராத்திரியாகக் குப்பையைக் கொட்டிவிட்டுப் போகிறவர்களைத் தடுக்க வேறு வழியில்லை என்றார்கள். அவர்கள் சார்பில் வந்தவள் தாரணி. கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து ஐடி வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஏரிகளைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து வந்த மமதா மேடம், இருவரையும் கரையோடு நடத்திக்கொண்டுபோய், வேலி போடுவதற்கான நிபந்தனைகளைக் கன்னடத்தில் சொன்னார். முள்கம்பி கூடாது, நாரைகள் மாட்டிக்கொள்ளும். ஆமையும் கீரியும் போய்வர அடியில் ஒரு சாண் இடம் விட வேண்டும். ஏரி நிரம்பினால் தண்ணீர் எதுவரை வருமோ அதற்கு வெளியேதான் தூண் நட வேண்டும், புங்கமரத்து வேரைத் தொடக் கூடாது. இதெல்லாம் யூஜினுக்கு நன்றாகவே புரிந்தது. கடைசியாக, வேலிக்கு வெளியே மாடுகளுக்கு ஒரு கோகட்டே செய்துவிட வேண்டும் என்றார்.

"ஆய்த்து மேடம்."

"என்னங்ணா சொல்றாங்க?" என்று தாரணி மெல்லக் கேட்டாள்.

"கோன்னா மாடு. கட்டைன்னா கட்டைதான். மாடு கட்டக் கட்டை நடணுமாம்மா."

"ஓ, சரிங்ணா."

இப்படியாக இரண்டு தமிழர்கள் சேர்ந்து கோகட்டே என்கிற, மாடு தண்ணீர் குடிக்கிற ஒரு குட்டையை எட்டுக் கட்டையாக்கிவிட்டார்கள். மரமாக இருந்தால் மழையில் இற்றுப்போகும் என்று கல்லாக நட்டது மட்டும் யூஜினின் சொந்த யோசனை.

வேலையைப் பார்வையிட மமதா மேடம் வர, வேலி முடிந்த பிறகு பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. வேலியைச் சுற்றி நடந்து, அடியில் கைவிட்டு ஒரு சாண் இருக்கிறதா என்று பார்த்து, திருப்தியாகத் தலையசைத்தவர், புங்கமரத்தடியில் வந்ததும் நின்றுவிட்டார்.

"யூஜின் அவரே, இதேனு கல்லு?"

"கோகட்டே, மேடம்."

அந்த அம்மாள் முதலில் சிரித்தார். பிறகு அவர் முகம் மாறியது. வேலிக்கு அந்தப் பக்கம் ஏரியைக் காட்டினார், இந்தப் பக்கம் காய்ந்த தரையைக் காட்டினார். "நீரு பேக்கு, யூஜின் அவரே. தனகளிகெ நீரு!"

மாடுகளுக்கு வேண்டியது தண்ணீர். நீரு என்ற சொல்லுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் போன பிறகும் யூஜின் ஒரு கல்லின்மேல் கை வைத்தபடி அங்கேயே நின்றார். பெரிய வெட்கமாக இருந்தது. அதைவிட, அப்பாவின் ஞாபகம் வந்ததுதான் தாங்கவில்லை.

அப்பா சாமுவேலுக்கும் வேலி வேலைதான். சுரங்கத்தில் தேய்ந்து கழித்த இரும்புக் கயிற்றைப் பிரித்துத்தான் அந்தக் காலத்தில் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கெல்லாம் வேலி. துணி காயப்போடுவதும் அதிலேதான். காற்றடித்தால் தெரு முழுக்க அந்தக் கம்பிகள் ம்ம் என்று முனகும். தங்கம் பிரிக்கும் மில்லின் விஷக் கழிவுத் தண்ணீர் தேங்கும் பள்ளத்தைச் சுற்றி மாடுகள் இறங்காதபடி வேலியைப் பார்த்துக்கொள்வது அப்பாவின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். முன்கம்பியில் யூஜின். பின்னால் இரண்டு குடம் தண்ணீர்.

வேலிக்கு வெளியே ஒரு தார் டிரம்மைப் பாதியாக அறுத்து வைத்திருந்தார் அப்பா. அதில் நிரப்பத்தான் அந்தத் தண்ணீர். லைன் குழாயில் வரிசையில் நின்ற பெண்கள் விடமாட்டார்கள். "மனுசனுக்கே தண்ணி இல்ல, சாமுவேலு மாட்டுக்குத் தூக்கினு போறாரு பாரு!" அப்பா சிரித்துக்கொண்டே குடத்தை நகர்த்துவார். சைக்கிள் மணி கேட்டதும் மாரிக்குப்பத்து எருமைகள் தலையைத் தூக்கும். வெயிலில் காய்ந்த தகரத்தில் தண்ணீர் விழுந்ததும் வருகிற அந்த வாசனை! அதற்குப் பிறகு அப்படி ஒரு வாசனை அவர் மூக்குக்குக் கிடைக்கவேயில்லை. எல்லாம் போய்விட்டது. வீடு, வேலி, சுரங்கத்துச் சங்கு ஊதுகிற சத்தம், அப்பா. அந்த அரை டிரம்மை யார் எடுத்துப்போனார்களோ.

டிரம் வைக்கச் சொல்லி அப்பாவிடம் யாரும் சொன்னதில்லை. இவரிடம் ஒருவர் வாய்விட்டுச் சொல்லியும் இவர் கல்லை நட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலமே வனஜாவின் வீட்டுக்குப் போனார். அவள் வாசலில் குடங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"லேட்டாயிடுச்சுண்ணா. மாட்ட குடுத்துட்டேன். மாலூர்காரரு வெள்ளிக்கெழம வண்டியோட வர்றாரு."

"எல்லாத்தையுமா?"

"குழாயில ஒருநாள் வுட்டு ஒருநாள் தண்ணி. மூணு மாட்டுக்கு எத்தினி கொடம் தூக்கறது? இடுப்பு போச்சு. வாய் பேசாத ஜீவன். கத்தினா தூக்கம் வருதா?" கழுவிய குடத்தை எடுத்துக் கவிழ்த்தாள். "எங்க மாமியா காலத்துல இருந்து இந்த ஏரியில குடிச்ச கூட்டம்ணா."

யூஜின் மறுநாளே ஆள் வைத்துக் குட்டை வெட்டத் தொடங்கினார். இந்தத் தடவை மமதா மேடம் சொன்னதைத் தாரணி போனில் பதிவு செய்து, பெட்டிக்கடைக்காரரிடம் போட்டுக்காட்டி, வார்த்தை வார்த்தையாக அர்த்தம் கேட்டுக்கொண்டு வந்தாள். மேட்டிலிருந்து மழைத் தண்ணீர் இறங்குகிற பக்கமாகக் குட்டை இருக்க வேண்டும். ஒரு பக்கம் சரிவு வேண்டும், விழுந்த உயிர் ஏறிவர. சிமெண்ட் கூடாது, களிமண்தான்.

"இன்னொண்ணு சொன்னாங்கங்ணா" என்று தாரணி தயங்கினாள். "களிமண்ணை மாடு மிதிக்கோணுமாங்ணா. இல்லாட்டித் தண்ணி நிக்காதாமா."

அந்த வட்டாரத்தில் மாடு இருந்தது வனஜாவிடம் மட்டும்தான். அவளிடம் போய் இதைக் கேட்க யூஜினுக்கு கூச்சமாக இருந்தது. எப்படியோ கேட்டுவிட்டார்.

"நல்லா கீதுண்ணா ஞாயம்" என்றாள் வனஜா. "மிதிக்கறது என் மாடு. குடிக்கறது யாரு மாடு?"

ஆனால் வியாழக்கிழமை காலையில் மூன்றையும் ஓட்டிக்கொண்டு வந்தாள். தாரணி குடியிருப்பிலிருந்து கேட்டு வாங்கிய தண்ணீரைத் தெளித்திருந்தார்கள். மாடுகள் சேற்றில் கால் வைக்கத் தயங்கின. வனஜா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே முன்னால் இறங்கினாள். பெரிய மாடு அவள் பின்னால் வந்தது, மற்ற இரண்டும் அதன் பின்னால். சுற்றிச் சுற்றி வந்தார்கள். குளம்பு புதைந்து எழும்போதெல்லாம் சளக் சளக் என்று சத்தம். "இன்னும் ஒரு சுத்து, இன்னும் ஒரு சுத்துடி கண்ணு" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மண் மெல்ல மெல்ல இறுகிப் பளபளத்தது. யூஜின் எட்டுக் கல்லையும் பிடுங்கி, வளையங்களை அறுத்துவிட்டு, சரிவில் குறுக்காகப் படுக்கவைத்தார், குளம்பு வழுக்காமல் இருக்க. அரை நீல டிரம் ஒன்றும் கொண்டுவந்து நிரப்பி வைத்தார். பிளாஸ்டிக், அதில் ஒரு வாசனையும் இல்லை. மூன்று மாடுகளும் ஆளுக்கு நாலு உறிஞ்சு உறிஞ்சியதும் அடி தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேகம் திரண்டு கொட்டித் தீர்த்தது. யூஜின் புங்கமரத்தடியில் நனைந்துகொண்டே நின்றார். மேட்டிலிருந்து செம்மண் தண்ணீர் வழிதேடி இறங்கி வந்தது. குட்டையின் விளிம்பில் கொஞ்சம் யோசித்தது. பிறகு உள்ளே விழுந்தது. தண்ணீர் உள்ளே இழுபடுகிறதா, நிற்கிறதா என்று அவர் குனிந்து பார்த்தார். ஒரு கல் முழுகியது. இரண்டாவது கல் முழுகியது. நின்றுவிட்டது தண்ணீர்.

மழை விட்டதும் வனஜா மாடுகளைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் வந்தாள். மூன்றையும் குளிப்பாட்டிக் குங்குமம் வைத்திருந்தாள். வண்டி ஹெண்ணூர் கிராசிங்கில் மாட்டிக்கொண்டதாம், பத்து நிமிஷத்தில் வந்துவிடுமாம். மற்ற இரண்டும் பழக்கதோஷத்தில் வேலிப் பக்கம் திரும்பின. பெரிய மாடு கழுத்தை நீட்டி மூக்கை விரித்தது. அவள் கையிலிருந்து கயிறு நழுவியது.

அது அவசரப்படாமல் சரிவில் இறங்கியது. முதல் கல்லில் ஒரு கால், நிதானித்து அடுத்த கால். செம்மண் கலங்கலில் வாயை வைத்தது. நெற்றிக் குங்குமம் கரைந்து மூக்கோரமாக வழிந்தது.

வனஜாவின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"அண்ணா, இத கொஞ்சம் புடி" என்று மற்ற இரண்டு கயிறுகளையும் யூஜின் கையில் கொடுத்தாள். போனை எடுப்பாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழே இறங்கிப்போய், மாட்டின் முதுகில் கை வைத்துக்கொண்டு, அது உறிஞ்ச உறிஞ்சத் தண்ணீரில் வளையம் வளையமாக விரிவதைப் பார்த்தபடி நின்றாள்.